கடைசி அத்தியாயத்தில் சமாதானம் இல்லை

கிளட்ச்சக்கா ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டாள் என்று தெரிய வந்தபோது தெரு கேட்ட முதல் கேள்வி, "டிரைவிங் புத்தகமா?" என்பதுதான். இல்லை, கதை என்றதும் தெருவின் முகம் ஒரு மாதிரி ஆனது. சைக்கிள் கடைக்காரர் மட்டும் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? நல்லாத்தானே வண்டி ஓட்டிட்டு இருந்தீங்க?"

"இப்பவும் ஓட்டிட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் நகருங்க, ரிவர்ஸ் எடுக்கணும்."

கார் ஓட்டக் கற்றுத் தருவது அவள் தொழில். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் டாக்டராக இருந்தாலும் சரி, தாசில்தாராக இருந்தாலும் சரி, "கிளட்ச்! கிளட்ச்!" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி கத்துவாள். அதில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் கிளட்ச்சக்கா. அவளுடைய பயிற்சி வண்டியில் மற்ற வண்டிகளில் இல்லாத ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் பிரேக் போதாதென்று, கற்றுத் தருகிறவர் காலடியிலும் இன்னொரு பிரேக். எதிரே மாடோ லாரியோ வந்தால் மாணவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே இவள் கால் அதை மிதித்திருக்கும். வண்டி நிற்கும். மாணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நானே நிறுத்திட்டேன் பாத்தீங்களா!" என்பார். "ஆமாமா, நீங்கதான்" என்பாள் இவள். நம்பிக்கை வரவேண்டுமே.

அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் புத்தகத்தை எழுதினாள். கார் கற்க வருகிறவர்களில் நேரத்துக்கு வருகிறவர் அபூர்வம். அவர்கள் குளித்து, பவுடர் பூசி, செருப்பைத் தேடி இறங்கி வருவதற்குள் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதிவிடலாம். எழுதியதையெல்லாம் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர், கடையில் கூட்டமில்லாத நேரங்களில் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். கதையில் தானும் வருகிறோம் என்பது தட்டச்சு செய்யும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "என்னை ரொம்ப சாதுவா காட்டியிருக்கியேம்மா" என்று ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "வேற எப்படிக் காட்டறது? ஆதாரம் இருந்தா கொடுங்க" என்றாள். மனிதர் தட்டச்சுக்குத் திரும்பிவிட்டார்.

கதை அவளையும் அவள் நாத்தனாரையும் பற்றியது. கணவருடைய அக்கா. இவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து மூச்சு விடுவதற்குள், புருஷன் வீடு வேண்டாம் என்று ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவர். வந்தவர் வந்தவர்தான். அன்று முதல் இன்றுவரை ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே குழாயடி. இருவருக்கும் ஒத்துப்போன நாள் என்று ஒன்றை யாராவது சொன்னால் இரண்டு பேருமே சண்டைக்கு வருவார்கள். இவளை டிரைவிங் ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்ததே நாத்தனார்தான். அதைப் பெருமையாக யாரேனும் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "பகல் முழுக்க இவ மூஞ்சியைப் பாத்துட்டு இருக்க என்னால முடியல. எங்கேயாவது போய்த் தொலையட்டும்னு சேத்துவிட்டேன். அவ்வளவுதான்" என்பார்.

பதிப்பகம் நடத்துகிற அம்மாள் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிவிட்டு, பிடித்திருக்கிறது என்றார். ஆனால் தாங்கள் எதையும் எடிட்டர் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை என்றார். "அவர் சரின்னா உடனே போட்டுடலாம். அவர் சொல்ற திருத்தத்தையெல்லாம் செஞ்சுடுங்க. தங்கமான மனுஷன், கொஞ்சம் கறார்."

தங்கமான மனுஷரின் அறை ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. மிச்சமெல்லாம் காகிதக் கட்டு. அவளுக்கான நாற்காலியிலும் ஒரு கட்டு இருந்தது.

"அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. கீழ வைக்காதீங்க, கலந்துடும்" என்றார் எடிட்டர். ஆக, தன் கதையைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் யாரோ ஒருவருடைய கதையை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று.

அவர் சிவப்பு மை வைத்திருக்கவில்லை. பச்சைப் பென்சில். அதுவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"மொழி நல்லா வருதும்மா உங்களுக்கு. ஆளுங்க உயிரோட நடமாடறாங்க. ரெண்டு விஷயம்தான் உறுத்துது."

"சொல்லுங்க சார். தாங்கிக்குவேன்."

"முதல் விஷயம். சண்டை சூடு பிடிக்கற நேரம் பாத்து நீங்க குறுக்க வந்து நின்னுடறீங்க. இந்த நாத்தனாரோட புருஷன் அவங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற இடம். எவ்வளவு பெரிய இடம்! வந்து வாசல்ல நிக்கறான். அடுத்த வரி என்ன எழுதியிருக்கீங்க?" அவர் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "'அன்று வாசலில் நடந்ததை எழுதப் பேனா தயங்குகிறது. மனித மனம்தான் எத்தனை விசித்திரமானது.' அதோட அத்தியாயம் முடிஞ்சுது! பேனா தயங்குச்சுன்னா வேற பேனா எடுங்கம்மா. என்கிட்டயே நிறைய இருக்கு."

கிளட்ச்சக்காவுக்குக் காது சுட்டது. அந்த விசித்திர வரியை எழுதிவிட்டுத் தானே இரண்டுமுறை படித்து ரசித்திருந்தாள்.

"ரெண்டாவது, முடிவு. வாசகரை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வர்றீங்க. ரெண்டு பொம்பளைங்களும் கதை முழுக்க முட்டிக்கறாங்க. கடைசி அத்தியாயத்துலயும் கார்ல போகும்போது முட்டிக்கறாங்க. முடிஞ்சுபோச்சு. படிச்சவனுக்கு என்ன கொடுத்தீங்க? ஒரு சமாதானம் வேணும்மா. ஒருத்தி ஆஸ்பத்திரியில படுத்திருக்கா, இன்னொருத்தி வந்து கையைப் பிடிக்கறா. கட்டிப்பிடிச்சு ஒரு அழுகை. அது பிடிக்கலைன்னா ஒருத்தி வீட்டைவிட்டே போகட்டும். ரெண்டுல ஒண்ணு."

"நடந்தது அப்படி இல்லையே சார்."

"நடந்ததை அப்படியே எழுதறதுக்குப் பேரு வாக்குமூலம். இது கதை."

அவள் மடியிலிருந்த கட்டை நாற்காலியில் வைத்துவிட்டுக் கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அன்று வண்டியை அவள் எடுத்த வேகத்தில், அவளிடம் கற்றுக்கொண்ட எவர் எடுத்திருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எடிட்டர் சொன்னதெல்லாம் சில நாளில், பச்சைக் கோடு போட்ட பிரதியோடு, அறிக்கையாக எழுத்திலும் வந்து சேர்ந்தது. பதிப்பக அம்மாளுக்கும் ஒரு நகல். சாப்பாட்டு மேசையில் கணவர் அதை உரக்கப் படித்தார். நாத்தனார் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுகிற சத்தம் மெல்லமெல்லக் குறைந்தது.

"'இறுதியில் இரு பெண்களும் மனம் நெகிழ்ந்து ஒருவரையொருவர் கட்டித் தழுவிக் கண்ணீர் விடுவதாக...'"

சத்தம் சுத்தமாக நின்றது. ஈரக் கையோடு நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றார்.

"யாரு? நானா? இவளையா?"

"அப்படித்தான்க்கா எழுதியிருக்கார்."

"நான் எதுக்குடா இவளைக் கட்டிப்பிடிக்கணும்? எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"நான் மட்டும் ஏங்கிட்டு இருக்கேனாக்கும்!" என்றாள் கிளட்ச்சக்கா.

"நீ பேசாதே. உன்னாலதான் எவனோ ஒருத்தன் என்னை ஆஸ்பத்திரியில படுக்க வைக்கறான். என்னைக் கேக்காம என்னைப் பத்தி எழுதினதே தப்பு. இதுல அழுகை வேறயா?"

"நான் எழுதலை அண்ணி, அவர்தான் எழுதச் சொல்றார். முடியாதுன்னு சொல்லப் போறேன்."

"சொல்லு. நல்லா அழுத்திச் சொல்லு."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அக்காவும் பெண்டாட்டியும் ஒரே பக்கம் நின்று பேசுவதை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. வாயைத் திறந்து அதைச் சொல்லிக் கெடுத்துக்கொள்ளாத அளவுக்கு அவருக்கு விவரம் இருந்தது.

இரண்டு திருத்தமும் முடியாது என்றே சொல்லிவிட்டுப் புத்தகமே வேண்டாம் என்று வந்துவிடுவதாகத்தான் கிளட்ச்சக்கா நினைத்திருந்தாள். அவளுக்கு வெறி பிடித்தாற்போல் கோபம். இந்த ஒரு புத்தகத்துக்காக எத்தனை காத்திருப்பு, எத்தனை மத்தியானம். அதை இன்னொருத்தர் பச்சைப் பென்சிலுக்குத் தூக்கிக் கொடுப்பதா? அந்தக் கோபத்தில் பாதியைக் கரைத்தது, அவளிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு நர்சம்மா.

நர்சம்மா நன்றாக ஓட்டுவாள். ஆனால் லைசென்ஸ் டெஸ்ட்டில் தேறவேயில்லை. அன்று சிக்னலைத் தாண்டும்போது குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்தது. வழக்கம்போல வண்டி நின்றது. நர்சம்மா வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மேடம், உண்மையைச் சொல்லுங்க. இப்ப பிரேக் போட்டது நீங்களா, நானா?"

"நீங்கதான்மா."

"பொய் சொல்லாதீங்க. வண்டி நின்னப்போ என் கால் ஆக்சிலரேட்டர்லதான் இருந்துச்சு."

கிளட்ச்சக்கா குனிந்து தன் காலடியைப் பார்த்தாள்.

"டெஸ்ட்ல அந்த ஆபீசர் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கார் மேடம். அவர் பிரேக் போடறதில்ல. அதான் அங்க போனா வண்டி நிக்க மாட்டேங்குது. நீங்க என்னைக் காப்பாத்திக் காப்பாத்தியே நான் ஃபெயில் ஆயிட்டு இருக்கேன்."

அன்றைக்கு மிச்ச வகுப்பு முழுக்கக் கிளட்ச்சக்கா இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் இழுத்து மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் தானாக முன்னால் போகப் பார்த்தது. ஒரு தள்ளுவண்டி நர்சம்மாவிடமிருந்து மயிரிழையில் தப்பியது. தள்ளுவண்டிக்காரர் இருவருடைய வம்சத்தையும் விசாரித்தார். ஆனால் வண்டியை நிறுத்தியது நர்சம்மாதான்.

அவளை இறக்கிவிட்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தபோது கிளட்ச்சக்கா பிரதியை எடுத்துப் புரட்டினாள். எடிட்டர் பச்சைக் கோடு போட்ட இடங்களை மட்டும். எங்கெல்லாம் யாராவது கையை ஓங்குகிறார்களோ, எங்கெல்லாம் சொல்லக்கூடாத சொல் ஒன்று நாக்குநுனிக்கு வருகிறதோ, அங்கெல்லாம் அவள் பிரேக் போட்டிருந்தாள். மனித மனம் விசித்திரமானது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும். விதி யாரை விட்டது. படிக்கிறவரை எங்கும் இடிபடாமல் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தாள். எதுவும் நடக்காமல்.

"அட, படுபாவி" என்றாள். எடிட்டரையா, தன்னையா என்பது அவளுக்கே தெளிவில்லை.

அந்த வாசல் காட்சியை அன்றே எழுத ஆரம்பித்தாள். நடந்தது இதுதான். நாத்தனாரின் புருஷன் வந்து கதவைத் தட்டினான். திறந்தது இவள். புதுப்பெண். அவனுடைய கண்ணைப் பார்த்ததும் நடுங்கிப்போய், "அண்ணி இங்க இல்லையே. வெளியூர் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். அவன் கீழே பார்த்தான். வாசலில் நாத்தனாரின் செருப்பு கிடந்தது. அவன் சிரித்தான். அப்போது உள்ளே இருந்து நாத்தனார் வந்தார். புருஷனைத் திட்டுவார் என்று இவள் நினைத்தாள். அவரோ இவளைப் பார்த்துத் திரும்பினார். "நான் என்ன செத்தா போயிட்டேன், நீ பதில் சொல்ல? நான் இங்கதான் இருக்கேன், வரமாட்டேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு எத்தனை நாளா காத்துட்டு இருக்கேன் தெரியுமா? அதைப் பொய் சொல்லிக் கெடுத்துட்டியேடி!" அவ்வளவையும் அவன் எதிரிலேயே. புருஷன், வந்த காரியத்தை மறந்து இரண்டு பெண்கள் போட்ட சண்டையை வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். திரும்பி வரவேயில்லை.

அன்று தொடங்கிய வழக்கு அது. பயத்தில் உதவிக்கு வந்தவளைத் திட்டியது எந்த ஊர் நியாயம் என்பது இவள் கட்சி. யார் கூப்பிட்டார்கள் உன்னை என்பது அவர் கட்சி. உப்பு, குழாய், ஜன்னல் என்று எதில் ஆரம்பித்தாலும் இருவரும் கடைசியில் அந்த வாசலுக்குத்தான் போய் நிற்பார்கள். இவளுக்குத் தன் பக்கம்தான் நியாயம் என்பதில் இன்றும் சந்தேகமில்லை. ஆனாலும் எழுதும்போது இரண்டு கட்சியையும் அப்படியே இறக்கி வைத்தாள். தீர்ப்பு எழுதவில்லை.

எடிட்டரைப் பார்க்கக் கிளம்பிய அன்று நாத்தனார் புடவை மாற்றிக்கொண்டு வண்டியருகே நின்றார்.

"நீங்க எதுக்கு அண்ணி? நான் பேசிக்கறேன்."

"எனக்காக நீ பேசினது ஒரு தடவை போதும். கதவைத் திற."

வழியெல்லாம் பின்சீட்டிலிருந்து பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். "மெதுவா போ. லாரி. ஏய், லாரி!" "தெரியுது அண்ணி." "தெரிஞ்சா சரி." மாடிப்படியில் மூச்சு வாங்கியது. கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதற்கு, "இதையும் எழுதிக்குவே" என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எடிட்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நாத்தனாருக்கும் உட்கார இடமும் மடியில் ஒரு காகிதக் கட்டும் கிடைத்தன. அவள் நீட்டிய புதிய பக்கங்களை எடிட்டர் அப்போதே படிக்கத் தொடங்கினார். பென்சிலைக் கையில் எடுத்தார். ஒரு பக்கம் போனது. இன்னொரு பக்கம் போனது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"இது சரிம்மா" என்றார் கடைசியில். "இதை ஏன் இத்தனை நாள் ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"ஒளிச்சு வைக்கலை சார். தொழில் புத்தி. நீங்க சொன்னது நியாயம், ஏத்துக்கிட்டேன். மத்த இடத்துலயும் எடுத்துட்டேன்."

"நல்லது. முடிவு?"

"அது அப்படியேதான் இருக்கும்."

"அம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். படிக்கறவன் மனசு வெறுமையா புத்தகத்தை மூடக்கூடாது."

"எங்க வீட்ல யார் மனசும் வெறுமையா இல்ல சார். ரொம்பி வழியுது. சண்டை போட்டுப் போட்டுத்தான்." அவள் குரல் உயர்ந்தது. "முதல் விஷயத்துல நான் நிறைய பூசி மெழுகிட்டேன்னு சொன்னீங்க. ஒத்துக்கிட்டேன். கடைசியில கட்டிப்பிடிச்சு அழவச்சா அது மட்டும் என்ன? அதுவும் பூசி மெழுகறதுதானே? அதை மட்டும் நீங்களே மெழுகச் சொல்றீங்களே!"

எடிட்டர் நாத்தனாரிடம் திரும்பினார். பெரியவர் கொஞ்சம் இறங்கி வருவார் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். "நீங்க சொல்லுங்கம்மா. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இவங்ககிட்ட பாசமா ரெண்டு வார்த்தை பேசணும்னு தோணலையா?"

"தோணிச்சு" என்றார் நாத்தனார். "ரெண்டு மூணு தடவை தோணிச்சு. அடக்கிக்கிட்டேன்."

எடிட்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "என் அபிப்பிராயத்தை நான் மாத்திக்க முடியாதும்மா. முடிவு பலவீனம்னுதான் எழுதுவேன்."

"எழுதுங்க. உங்க பேர்ல நீங்க எழுதுங்க. என் பேர்ல வர்றதை நான் எழுதிக்கறேன். அதுக்காகப் புத்தகம் வராதுன்னா வராம போகட்டும். ஊர்ல உங்க பதிப்பகம் ஒண்ணுதானா இருக்கு?"

சொல்லிவிட்டாளே தவிர, வேறு பதிப்பகம் ஒன்றையும் அவளுக்குத் தெரியாது. வண்டியில் ஏறியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் கத்திப் பேசிட்ட."

"உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

"ம்" என்றார் நாத்தனார். அவர் வாயிலிருந்து வந்த, மறுப்பு இல்லாத முதல் பதில் அது. வீடுவரை லாரியைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

பதிப்பக அம்மாளிடமிருந்து தொலைபேசி வருவதற்குள் கிளட்ச்சக்கா இரண்டு மாணவர்களை அழவைத்துவிட்டாள். எடிட்டர் சொன்னபடியே எழுதியிருந்தார். முடிவில் தனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் எழுதியவருக்கு அதில் சந்தேகம் இல்லை, ஆகவே கைவைக்காமல் அப்படியே அச்சிடலாம் என்று. "நீங்க அவரை என்னம்மா செஞ்சீங்க? இப்படி அவர் எழுதினதே கிடையாதே" என்றார் அம்மாள். "சரி, பின்னட்டையில 'பிரிந்த உறவுகள் இணையும் நெகிழ்ச்சியான கதை'ன்னு போட்டுக்கலாமா? விற்பனைக்கு நல்லது."

"போடக்கூடாது."

"வேற என்ன போடறது?"

"'இவங்க கடைசிவரை சேரமாட்டாங்க'ன்னு போடுங்க. தைரியம் இருக்கறவங்க வாங்கட்டும்."

அச்சுக்கு முன் சரிபார்க்கும் கடைசி மெய்ப்பு வீட்டுக்கு வந்தது. பார்த்துத் திருப்பி அனுப்பியும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான், வீட்டில் மிச்சம் கிடந்த மெய்ப்பு நகலை நாத்தனார் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். அதுவரை ஒரு பக்கம் தொட்டதில்லை. கிளட்ச்சக்கா துணி மடிப்பதுபோல் பக்கத்திலேயே நின்றாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

"வாசல்ல நான் திட்டினது இவ்வளவுதானா? இன்னும் மோசமா இல்ல திட்டினேன்?"

"ஞாபகம் இருந்ததை எழுதினேன்."

"செருப்பைப் பத்தித் தப்பா எழுதியிருக்கே. சும்மா செருப்பு கிடந்துச்சுன்னு போட்டிருக்கே. அது வார் அறுந்த செருப்பு. இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கே அறுத்துட்டேன்."

"அறுந்துபோச்சா, அறுத்தீங்களா?"

"அறுத்தேன். திரும்பிப் போகத் தோணக்கூடாதுன்னு. அது அவனுக்குத் தெரியட்டும்னுதான் எடுக்காம வாசல்லயே போட்டிருந்தேன். அவன் கீழ பாத்தப்போ நான் உள்ள இருந்து பாத்துட்டுதான் இருந்தேன்."

கிளட்ச்சக்காவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "இதை ஏன் அண்ணி இத்தனை வருஷமா சொல்லல?"

"நீ கேட்டியா? நீதான் எல்லாத்தையும் நீயே சொல்லிடுவியே."

அவள் தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் பதிப்பக அம்மாள், அச்சுக்குப் போய்விட்டது, இனி ஒரு எழுத்துகூட மாற்ற முடியாது, எடிட்டர் எல்லாம் பார்த்துவிட்டார் என்றார்.

"நிறுத்துங்க" என்றாள் கிளட்ச்சக்கா. "அச்சை நிறுத்துங்க. ஒரு வரி சேக்கணும். அவர் பாத்துட்டார், சரி. எங்க வீட்டு எடிட்டர் இப்பதான் படிச்சாங்க."

"யாருடி எடிட்டர்?" என்றார் ஜன்னலோரத்திலிருந்து நாத்தனார். "சம்பளம் கொடுக்கறியா?"

"சும்மா இருங்க அண்ணி, பேசிட்டு இருக்கேன்ல!"

"நீ யாரு என்னைச் சும்மா இருக்கச் சொல்ல?"

மறுமுனையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, சரி" என்றார் கடைசியில். "வரியைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."